துளைகளில் பூத்த ஓவியம்

நுழையும்முன்

கணினித் திரையில் காணும் படங்கள் யாவும் எண்களாகச் சேமிக்கப்பட்டவை. ஓர் உருவத்தைக் குறியீடுகளாக மாற்றி வைத்து, வேண்டும்பொழுது மீண்டும் உருவமாக்கும் இம்முறை, கணினி தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே பட்டுத்தறியில் வழக்கிற்கு வந்துவிட்டது. அதனை வழக்கிற்குக் கொண்டுவந்தவர், முறையான பள்ளிக் கல்வி பெறாத ஒரு நெசவாளர் மகன். அவருடைய வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தறியில் வாழும் பெயர்

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. ஆரணியை அடுத்துள்ள முள்ளிப்பட்டிலும் பட்டு நெசவே பல குடும்பங்களின் வாழ்வாதாரமாக விளங்குகிறது. அங்கு வீடும் தொழிற்கூடமும் வேறு வேறல்ல. வீட்டின் ஒரு பகுதியில் தறி நிற்கும். தறிக்குழியில் கால்களை இறக்கி நெசவாளர் அமர்ந்திருப்பார். அவர் மிதியை அழுத்தும்பொழுது, தறிக்கு மேலே பொருத்திய பெட்டியில் துளையிட்ட அட்டை ஒன்று நகரும். பாவில் உள்ள நூற்றுக்கணக்கான இழைகளுள் சில மட்டும் மேலெழும். எழுந்த இழைகளுக்கும் எழாத இழைகளுக்கும் இடையே நாடா ஊடை இழையைக் கொண்டு செல்லும். அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர நகர, சேலையின் கரையில் மாங்காயும் மயிலும் அன்னமும் சிறிது சிறிதாக உருப்பெறும்.

தறிமேல் உள்ள அந்தப் பெட்டியை நெசவாளர்கள் ஜக்கார்டு என்று அழைக்கின்றனர். தமிழ்நாட்டு நெசவூர்களில் நாள்தோறும் ஒலிக்கும் அச்சொல், பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவரின் பெயராகும்.

லியோன் நகரத்து இளமை

ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த லியோன், பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பட்டுத் தலைநகரமாக விளங்கியது. அரண்மனைகளின் திரைச்சீலைகளும் அரசகுடும்பத்தினரின் ஆடைகளும் அந்நகரத் தறிகளிலேயே உருவாயின. அங்கு 1752ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் ஜக்கார்டு பிறந்தார். தந்தை சரிகைப்பட்டு நெய்யும் நெசவாளர். தாயும் அதே தொழிலைச் சார்ந்தவர்.

அக்காலத்தில் பூவேலைப் பட்டு நெய்வதற்கு ஒரு தறிக்கு இருவர் தேவைப்பட்டனர். ஒருவர் நெசவாளர். மற்றொருவர் தறியின் பக்கத்தில் நின்று கயிறுகளை இழுப்பவர். பாவின் இழைகள் கயிறுகளுடன் இணைக்கப்பட்டிருக்கும். எந்த வரிசையில் எந்த இழைகள் எழவேண்டுமோ, அவற்றுக்குரிய கயிறுகளைச் சேர்த்துப் பிடித்து இழுத்து, ஊடை பாயும்வரை தாங்கி நிற்க வேண்டும். எடை மிகுந்த இந்த வேலையைப் பெரும்பாலும் சிறுவர்களும் பெண்களுமே செய்தனர். நாள் முழுவதும் வளைந்தும் நிமிர்ந்தும் இழுத்ததால் அவர்களது உடல் வளர்ச்சி குன்றியது. சிறு வயதில் ஜக்கார்டும் இவ்வேலையில் ஈடுபட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

ஜக்கார்டு முறையாகப் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. பதின்மூன்று வயதுவரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அச்சகமும் புத்தகக் கடையும் நடத்திவந்த அவருடைய தமக்கையின் கணவரே எழுத்தறிவித்தார். பத்து வயதில் தாயையும் இருபது வயதில் தந்தையையும் இழந்த ஜக்கார்டுக்கு வீடும் தறிகளும் சிறிது நிலமும் எஞ்சின. 1778ஆம் ஆண்டு கிளாடின் பொய்ச்சோன் என்பவரை மணந்தார். மறு ஆண்டு ஒரு மகன் பிறந்தான். எனினும் தொழில் நிலைக்கவில்லை. கடன் பெருகியது. சொத்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

போரும் இழப்பும்

1789ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரசகுடும்பத்தையும் பிரபுக்களையும் நம்பியிருந்த பட்டுத்தொழில் நலிந்தது. 1793ஆம் ஆண்டு புரட்சி அரசின் படைகள் லியோன் நகரை முற்றுகையிட்டன. நகரைக் காக்க நின்றவர்களுள் ஜக்கார்டும் அவருடைய பதின்ம வயது மகனும் இருந்தனர். நகரம் வீழ்ந்தபின் தந்தையும் மகனும் தப்பிச்சென்று, வேறு பெயர்களில் புரட்சிப் படையிலேயே சேர்ந்தனர். அப்படையில் பணியாற்றியபொழுது மகன் போர்க்களத்தில் உயிரிழந்தான். ஜக்கார்டு தனியராக ஊர் திரும்பினார்.

அப்பொழுது அவர் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். கையில் பொருளில்லை, தொழிலைத் தொடர மகனும் இல்லை. பலருக்கு வாழ்வு ஓய்ந்துவிட்டதாகத் தோன்றும் அந்த வயதில்தான் அவரது வாழ்வின் பயனுள்ள பகுதி தொடங்கியது. இளமையில் தாம் கண்ட கயிறிழுக்கும் வேலையைத் தறியே செய்துகொள்ளும் வழியைத் தேடும் பணியில் அவர் ஈடுபட்டார்.

முன்னோர் விட்ட இடத்திலிருந்து

1801ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற தொழிற்கண்காட்சியில் ஜக்கார்டின் புதிய தறி வெண்கலப் பதக்கம் பெற்றது. பின்னர் மீன்வலை பின்னும் பொறி ஒன்றையும் அவர் உருவாக்கினார். அதன் வழியாக அரசின் கவனத்தைப் பெற்று, பாரிசிலுள்ள கலைகள் மற்றும் கைவினைகள் காப்பகத்தில் பணியாற்றும் வாய்ப்பைப் பெற்றார். அங்கே வோகன்சோன் என்னும் பொறியியல் வல்லுநர் 1745ஆம் ஆண்டளவில் உருவாக்கிய தறி ஒன்று பயன்பாடின்றிக் கிடந்தது. ஜக்கார்டு அதனைச் சீர்செய்து, அதன் இயக்கத்தை ஆராய்ந்தார்.

துளைகளால் தறியை இயக்கும் எண்ணம் முதன்முதலில் ஜக்கார்டின் மனத்தில் தோன்றியதன்று. லியோனைச் சேர்ந்த பசில் பூஷோன் 1725ஆம் ஆண்டிலேயே துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தினார். காகிதம் எளிதில் கிழிந்தது. அவருக்குப்பின் வந்த பால்கோன், சுருளுக்கு மாற்றாக ஒன்றோடொன்று கோத்த அட்டைகளை அமைத்தார். அதனை இயக்க ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். வோகன்சோன் உதவியாளரின் தேவையை நீக்கினார். ஆயினும் அவரது பொறி அன்றாட நெசவுக்கு ஏற்றதாக அமையவில்லை. இம்மூவரின் முயற்சிகளிலும் இருந்த நல்ல கூறுகளை ஒன்றுசேர்த்து, ஒரு நெசவாளர் தாமே மிதித்து இயக்கக்கூடிய பொறியாக 1804ஆம் ஆண்டில் ஜக்கார்டு வடிவமைத்தார். அதன் பின்னரும் அப்பொறியில் குறைகள் இருந்தன. பத்தாண்டுகளுக்குப் பின் பிரெத்தோன் என்பவர் அட்டைகளை நகர்த்தும் பகுதியைத் திருத்தியமைத்த பிறகே அது பரவலாயிற்று. ஒரு பெயரால் வழங்கும் கருவிக்குள் பலருடைய உழைப்பு அடங்கியிருப்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

ஆம், இல்லை என்னும் இரண்டு விடைகள்

ஜக்கார்டு பொறியின் அமைப்பு நுட்பமானது. அதன் அடிப்படையோ எளியது. முதலில் ஓவியத்தைக் கட்டத்தாளில் வரைவர். குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஓர் ஊடையைக் குறிக்கும். நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் பாவின் இழையை அல்லது இழைத்தொகுதியைக் குறிக்கும். நிறம் தீட்டிய கட்டம் இழை எழவேண்டிய இடம். வெற்றுக் கட்டம் இழை கீழேயே தங்கவேண்டிய இடம். ஒவ்வொரு குறுக்கு வரிசைக்கும் ஓர் அட்டை. நிறம் தீட்டிய கட்டத்திற்கு அட்டையில் துளை இடுவர். வெற்றுக் கட்டத்திற்குத் துளை இடுவதில்லை.

பொறிக்குள் ஊசிகளும், அவற்றுடன் இணைந்த கொக்கிகளும் வரிசையாக நிற்கும். அட்டை வந்து ஊசிகளின் முனையில் அழுந்தும். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். அதன் கொக்கி அசையாது நிற்கும். மேலெழும் சட்டம் அக்கொக்கியைப் பற்றி, அதனுடன் இணைந்த பாவிழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். கொக்கி விலகிச் சட்டத்தின் பிடிக்குத் தப்பும். இழை கீழேயே தங்கும். ஊடை பாய்ந்ததும் அடுத்த அட்டை வரும்.

கைத்தறிகளில் 120 கொக்கிகள், 240 கொக்கிகள் கொண்ட ஜக்கார்டுகள் வழங்குகின்றன. 240 கொக்கிகள் கொண்ட தறியில் ஓர் அட்டை, ஆம் அல்லது இல்லை என்னும் விடையை 240 முறை தருகிறது. ஒரு பூவேலைக்கு 500 அட்டைகள் தேவைப்பட்டால், அப்பூவில் 1,20,000 விடைகள் பொதிந்துள்ளன. இழையைத் தூக்குவதற்கு முன்னர் நெசவாளரும் உதவியாளரும் நினைவில் வைத்து ஆற்றிய செயல் இவ்வாறு அட்டைக்கு இடம்பெயர்ந்தது. தறியை மாற்றாமல் அட்டையை மட்டும் மாற்றினால், மயில் இருந்த இடத்தில் மாங்காய் தோன்றும். ஒரு தறிக்கு வெட்டிய அட்டைகளின் படியைக் கொண்டு வேறோர் ஊரிலும் அதே பூவை நெய்யலாம். ஓவியம், வரைந்தவரின் கையிலிருந்தும் நெய்தவரின் நினைவிலிருந்தும் பிரிந்து, எடுத்துச்செல்லக்கூடிய தரவாக மாறியது.

தெரிந்து தெளிவோம்

*பாவு* என்பது தறியில் நீளவாக்கில் அமையும் இழைத்தொகுதி. *ஊடை* என்பது அதன் குறுக்கே செல்லும் இழை. ஊடையைக் கொண்டு செல்லும் கருவி *நாடா*. சேலையின் ஓரப்பகுதி *கரை*. அழகு வேலைப்பாடு மிகுந்த முனைப்பகுதி *முந்தி*. உடலில் ஆங்காங்கே நெய்யப்படும் சிறு பூக்கள் *புட்டா*.

வரமும் வருத்தமும்

1805ஆம் ஆண்டு ஏப்பிரலில் பேரரசர் நெப்போலியன் லியோன் நகருக்கு வந்து ஜக்கார்டின் தறியைப் பார்வையிட்டார். அக்கண்டுபிடிப்பின் உரிமை லியோன் நகருக்கு உரியதாக்கப்பட்டது. ஜக்கார்டுக்கு ஆண்டுதோறும் 3000 பிராங்கு ஓய்வூதியமும், புதிதாக அமைக்கப்படும் தறி ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட காலம்வரை ஒரு சிறு தொகையும் வழங்க முடிவு செய்யப்பட்டது. தனியொருவரின் உடைமையாக இல்லாமல் பொதுவுடைமையாக அமைந்தமை, அத்தறி பரவுவதற்குப் பெருந்துணையாயிற்று.

ஆனால் நெசவாளர்கள் அதனை மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. ஒரு தறிக்கு இருவர் உழைத்த இடத்தில் ஒருவர் போதும் என்ற நிலை உருவானது. கயிறிழுத்த சிறுவனின் முதுகுச் சுமை இறங்கியது. அதே நேரத்தில் அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த கூலியும் நின்றது. பிள்ளைகளின் கூலியையும் சேர்த்தே உலை வைத்த குடும்பங்களுக்கு இது பேரிடியாக அமைந்தது. சினங்கொண்ட நெசவாளர்கள் ஜக்கார்டைத் தாக்க முயன்றனர் என்றும், அவரது தறி பொது இடத்தில் உடைக்கப்பட்டது என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இந்த அச்சத்தை அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. தறியின் ஆக்கம் பெருகியபொழுது லியோனின் வணிகம் வளர்ந்தது. உயரமான புதிய தறிகளுக்காகக் குருவா ரூசு என்னும் குன்றுப்பகுதியில் கூரை உயர்ந்த வீடுகள் எழுந்தன. ஆயினும் நெசவாளரின் கூலி அதற்கேற்ப உயரவில்லை. 1831ஆம் ஆண்டு நவம்பரில், குறைந்த அளவுக் கூலியை உறுதிசெய்யக் கோரி லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து நகரையே கைப்பற்றினர். 1834ஆம் ஆண்டு ஏப்பிரலில் மீண்டும் எழுந்த கிளர்ச்சியைப் படையினர் கடுமையாக ஒடுக்கினர். இக்கிளர்ச்சிகள் தறியை உடைப்பதற்காக நிகழ்ந்தவை அல்ல. தறி தந்த ஆக்கத்தில் உழைத்தவருக்கும் உரிய பங்கு வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

இந்தியாவிலும் இக்கேள்வி எழுந்தது. விசைத்தறியின் விரைவுக்கு முன் கைத்தறி நிலைகுலையாதிருக்க, 1985ஆம் ஆண்டு கைத்தறிக்கென்று சில துணிவகைகளை ஒதுக்கீடு செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. ஆரணிப் பகுதியின் கைத்தறியாளர்க்கும் இச்சட்டம் அரணாகும். புதிய கருவியை ஏற்பதும் அதனால் பாதிக்கப்படுவோரைக் காப்பதும் ஒன்றாகச் செல்லவேண்டிய கடமைகள் என்பதை இரு நாட்டு வரலாறும் உணர்த்துகின்றன.

பட்டில் நெய்த முகம்

1819ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு தன் உயரிய விருதுகளுள் ஒன்றான லீஜியன் ஆப் ஆனர் விருதை ஜக்கார்டுக்கு வழங்கியது. இறுதிக்காலத்தை லியோனை அடுத்த ஊல்லேன் என்னும் சிற்றூரில் அமைதியாகக் கழித்த அவர், 1834ஆம் ஆண்டு ஆகத்து 7ஆம் நாள் மறைந்தார். 1840ஆம் ஆண்டு லியோனில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

சிலையினும் சிறந்த நினைவுச்சின்னம் ஒன்று 1839ஆம் ஆண்டில் அவருடைய தறியிலேயே உருவானது. போன்பாண்டு என்னும் ஓவியர் தீட்டிய ஜக்கார்டின் உருவப்படத்தை, கார்க்கில்லா என்னும் நெசவாளர் பட்டில் நெய்தார். கையில் கவராயத்துடன், தறியின் சிறு மாதிரி அருகிலிருக்க, நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவரின் உருவம் அது. அதனை நெய்ய ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. ஒவ்வோர் அட்டையிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துளையிடங்கள் இருந்தன. அவ்வாறாயின் அந்த ஒரு முகத்துக்குள் இரண்டு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆம், இல்லை என்னும் விடைகள் அடங்கியிருந்தன. அதனைக் கண்ட பலர் தாளில் அச்சிட்ட ஓவியம் என்றே எண்ணி வியந்தனர்.

தறியிலிருந்து திரைக்கு

அப்பட்டுப் படத்தின் படி ஒன்றை இங்கிலாந்து நாட்டுக் கணித அறிஞர் சார்லசு பாபேசு தம் இல்லத்தில் வைத்திருந்தார். தாம் வடிவமைத்துவந்த பகுப்பாய்வுப் பொறியில் கட்டளைகளையும் எண்களையும் செலுத்துவதற்கு அவர் ஜக்கார்டின் துளையட்டைகளையே தேர்ந்தெடுத்தார். அப்பொறியைப் பற்றி 1843ஆம் ஆண்டு விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேசு, தறி பூக்களை நெய்வதைப் போலப் பாபேசின் பொறி கணிதத்தை நெய்யும் என ஒப்பிட்டார். அப்பொறி முழுமையாகக் கட்டப்படவில்லை. அதன் கருத்து அழியவில்லை.

அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது எர்மன் ஆலரித்து என்பவர் ஒரு மனிதருக்கு ஓர் அட்டை என அமைத்து, அகவை, பால், தொழில் முதலிய விவரங்களைத் துளைகளாகப் பதிந்து, மின்பொறியால் எண்ணச் செய்தார். அவர் தொடங்கிய நிறுவனம் பிற நிறுவனங்களுடன் இணைந்து, பின்னர் ஐபிஎம் என்னும் பெயர் பெற்றது. இருபதாம் நூற்றாண்டில் கணினிகளுக்குக் கட்டளை தருவதற்குத் துளையட்டைகள் நெடுங்காலம் பயன்பட்டன.

லியோனில் துளைகள் ஓவியமாயின; ஆலரித்தின் பொறியில் துளைகள் கணக்காயின. இவ்விரண்டும் இன்று இணையப் பக்கத்தில் ஒன்றுகூடுகின்றன. கணினித் திரையும் ஒரு கட்டத்தாளே. அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. இணையப் பக்க வடிவமைப்பாளர், மாவட்டங்களின் மழையளவுப் பட்டியலை ஓரிடத்தில் தரவாக வைக்கிறார். மழை மிகுந்தால் நீலம் அடர வேண்டும், குறைந்தால் வெளிற வேண்டும் என்னும் வரைவிதியை வேறோர் இடத்தில் எழுதுகிறார். படிப்பவர் ஆண்டைத் தெரிவுசெய்தவுடன் தரவு மாறுகிறது. வரைபடத்தின் நிறங்களும் மாறுகின்றன. தறி அப்படியே நிற்க, அட்டை மாறியதும் பூ மாறுவதைப் போன்றதே இது. அத்தகைய படங்களை ஊடாடும் தரவுப் படங்கள் என்பர். முன்பு வல்லுநர் சிலருக்கே கைவந்த இக்கலை, இலவசமாகக் கிடைக்கும் கருவிகளால் இன்று மாணவர்க்கும் எட்டியிருக்கிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அட்டையில் தவறான இடத்தில் துளை விழுந்தால், மயிலின் கழுத்தில் பிசகு தோன்றும். பூவின் வடிவறிந்த நெசவாளரின் கண் அதனைக் கண்டுகொள்ளும். தரவில் தவறான எண் புகுந்தாலோ, வரைபடம் சிறிதும் பிசகாமல் அழகாகவே தோன்றும். காண்போர் அதனை உண்மையென நம்புவர். கருவி துளையைப் படிக்குமேயன்றி அதன் சரி பிழையை ஆராயாது. அந்தப் பொறுப்பு, அட்டை வெட்டிய கைகளுக்கு இருந்ததைப் போலவே, இன்று தரவைத் தொகுப்பவருக்கும் உண்டு.

முள்ளிப்பட்டுத் தறிகளிலும் காலம் தன் மாற்றத்தைப் பதித்து வருகிறது. கட்டத்தாளில் தூரிகையால் தீட்டிய பூக்களை இன்று கணினித் திரையில் வரைய முடிகிறது. அட்டையே இல்லாமல் கணினிக் கோப்பிலிருந்து நேராக இழைகளைத் தூக்கும் மின்னணு ஜக்கார்டுகளும் நெசவுத்தொழிலில் இடம்பெற்றுவிட்டன. தறியிலிருந்து கணினிக்குச் சென்ற முறை, கணினியிலிருந்து தறிக்கே திரும்பி வந்திருக்கிறது. அட்டை மறையலாம், ஆனால் எந்த இழை எழவேண்டும் என்பதை முடிவுசெய்யும் மனிதரின் அறிவும், அறுந்த இழையைத் தொட்டறிந்து முடியும் விரலும் இன்றியமையாதவை. ஒரு சிறுவனின் தோள்சுமையை இறக்க எண்ணிய நெசவாளர் மகனின் முயற்சி, உலகின் திரைகளையெல்லாம் ஒளிரச் செய்த நெடும்பயணத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக நிலைபெற்றுள்ளது.

கற்பவை கற்றபின்

1. கட்டத்தாள் ஒன்றில் கோலம் அல்லது பூ ஒன்றை வரைந்து, ஒவ்வொரு வரிசையையும் 1, 0 என்னும் எண்களாக எழுதுக. அவ்வெண்களை மட்டும் நண்பரிடம் கொடுத்து, ஓவியத்தை மீண்டும் வரையச் செய்க.

2. உங்கள் பகுதியில் உள்ள நெசவாளர் ஒருவரைச் சந்தித்து, தறியின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, சொல்லகராதி ஒன்றை உருவாக்குக.

3. உங்கள் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு வரும் தொலைவைத் திரட்டி, அதனைப் படமாக வரைக. தரவில் ஓர் எண் தவறானால் படம் தரும் செய்தி எவ்வாறு மாறும் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

4. புதிய கருவிகள் தொழிலாளர் வாழ்வில் ஏற்படுத்தும் நன்மை தீமைகள் என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.